ஓட்டத் துப்பாக்கியும் யானும்

தமிழாசிரியனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு என்று இம்மலரை விரிக்கும் அன்பர்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு. எமது இல்ல மெய்வன்மைப் போட்டிகளில் ஓட்டங்களைத் தொடக்கிவைக்கும் பணி சில ஆண்டுகளாக என் கையில் உள்ளது. யான் மாணவனாயிருந்த 1990களில் இம்மைதானத்தில் துப்பாக்கி ஒலித்ததில்லை. போர்க்காலம் அது, இரு பலகைகளை ஓங்கி அடித்தே ஓட்டத்தைத் தொடக்குவர். ஆதலின், முதன்முறை அக்கருவியை ஏந்தியபோது என் விரல் சற்றே நடுங்கியது என்பதை மறைப்பானேன்?

எமது துப்பாக்கி விலை குறைந்தது. குண்டு இல்லாதது, சிறு வெடிகளை அடித்து ஒலியும் புகையும் எழுப்புவதே அதன் தொழில். அடுத்தடுத்து இருமுறை வெடிக்கும். முதலாவது ஓட்டத்தைத் தொடக்குதற்கு. இரண்டாவது, எவரேனும் முந்திப் புறப்படின் யாவரையும் திருப்பி அழைத்தற்கு.

ஓராண்டு நூறு மீற்றர் இறுதி ஓட்டம். "ஆயத்தம்" என்று கூறி விசையை இழுத்தேன். வெடி எழவில்லை. 'டக்' என்ற ஓசை மட்டும் கேட்டது. அவ்வோசைக்கே ஒரு மாணவன் பாய்ந்து புறப்பட்டான், ஏனையோர் நின்றனர். பிழையான புறப்பாடு என்று அவனை நீக்கினேன். அவன் ஒரு சொல்லும் கூறாது தலை கவிழ்ந்து சென்றான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. செவி கூர்மையாயிருந்ததன்றி அவன் செய்த பிழை யாது? கருவியின் குற்றத்தை மாணவன் தலையிற் சுமத்தியவன் யானே.

இதனை அறிந்த பழைய மாணவர் சிலர், துப்பாக்கியைச் சீர்செய்யச் சிறு தொகை உவந்தளித்தனர். யோசனைகளும் உடன் வந்தன. வெள்ளிபோல் மெருகிடலாம் என்றார் ஒருவர். கல்லூரிச் சின்னம் பொறித்த மரப்பிடி வேண்டும் என்றார் மற்றொருவர். குழாயைத் துளைத்து ஒலியைப் பெருக்கலாம் என்றார் இன்னொருவர். ஆபத்தும் சட்டவிரோதமும் ஆகிய அதனை அக்கணமே மறுத்தேன். ஏனையவற்றுக்கு ஒரே வினாவை அளவுகோலாகக் கொண்டேன்: இச்செலவினால் ஓடும் பிள்ளைக்கு நீதி கூடுமா?

மெருகினாற் கூடாது, மரப்பிடியாலும் கூடாது. தளர்ந்த சுருள்வில்லை மாற்றினாற் கூடும்; வெடியை அடிக்கும் சுத்தியலுக்கு வலுத்தருவது அதுவே. ஈரம்பட்ட வெடிகளைக் கழித்துப் புதியனவற்றைக் காற்றுப் புகாத பேணியில் வைத்தாற் கூடும். வெடித்தபின் எஞ்சும் கரி ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவேற்றும். ஆதலால் அன்றன்று துடைத்து எண்ணெய் பூசுதல் வேண்டும். இதற்குச் செலவு ஒரு பழந்துணியே.

அடுத்து, ஒரு கரும்பலகைத் துண்டு. எமது வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் செல்லும். எனவே நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் நேரக் கணிப்பாளரை வெடியோசை சென்றடைய ஏறக்குறைய 0.3 செக்கன் ஆகும். ஓசையை நம்பிக் கடிகாரத்தை அழுத்தின் கணிப்புப் பிழைபடும். புகையைக் கண்டே அழுத்தல் முறை. வெளிறிய வானத்தில் மெல்லிய புகை தோன்றாது. பின்னே கரும்பலகை நின்றால் தெளிவாகத் தோன்றும்.

காசின்றிச் செய்த திருத்தமும் ஒன்றுண்டு. எட்டு ஓடுபாதைகள் கொண்ட மைதானத்தில் நானூறு மீற்றர் ஓட்டம் தொடங்கும்போது, எட்டாம் பாதையினன் முதலாம் பாதையினனுக்கு 53 மீற்றர் முன்னே நிற்பான். முதல்வனருகே நின்று வெடித்தால் எட்டாமவன் ஏறக்குறைய 0.15 செக்கன் பிந்திக் கேட்பான். யாவருக்கும் ஏறக்குறையச் சமதூரமாக வளைவின் உட்புறத்தில் நின்றால் அக்குறை பெரிதும் நீங்கும். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் மின்னணுத் துப்பாக்கியே பயன்பட்டது. ஒலி ஒவ்வோர் ஓட்டவீரரின் பின்னுள்ள ஒலிபெருக்கியிலிருந்து எழும். எம்மிடம் அஃதில்லை, நிற்கும் இடத்தைத் தெரியும் அறிவு உண்டு.

அமைச்சின் மாட்சியை எண்ணப்புகுந்த வள்ளுவர் கருவியை முதலிலும் காலத்தை அடுத்தும் வைத்தார். மைதானத்திலும் அவ்வொழுங்கே பொருந்துவதாயிற்று. துப்பாக்கி இன்றும் அழகற்றதே. ஆயினும் அதன்பின் ஒருமுறையேனும் பொய்த்ததில்லை.

அன்று நீக்கப்பட்ட மாணவன் இன்று பழைய மாணவன். இம்மலர் அவன் கைக்கும் எட்டும். தம்பி, அன்று நீ பிழை செய்யவில்லை. ஓட்டத்தை மீளத் தொடக்கியிருக்க வேண்டியவன் யான். அடுத்த போட்டிக்கு வருவாயாயின், கரும்பலகையைப் பிடிக்கும் பணி உனக்காகக் காத்திருக்கிறது.