துருவும் பற்றாசும்

உலோகங்களுள் வலியது என்று இரும்பைப் போற்றுவர். ஆயினும் அதனை அழிப்பன வாளும் சம்மட்டியும் அல்ல, நீரும் காற்றுமே. நீரோடும் காற்றிலுள்ள பிராணவாயுவோடும் கூடி இரும்பு துருவாக மாறுகின்றது. அந்நீரில் உப்புக் கரைந்திருப்பின் அவ்வழிவு பன்மடங்கு விரைவுபடும். மேலும், துரு தனக்குத் தாயாகிய இரும்பினும் மிகுதியான இடத்தைக் கொள்ளும் இயல்பினது. ஆதலின் அது வண்ணப்பூச்சைக் கொப்புளம் போல் உயர்த்தி, தகட்டின் மடிப்புக்களைப் பிளந்து, பின்னும் நீர் புகுதற்கு வழி செய்துகொள்கின்றது. இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றதினும் தெளிவாகக் கற்றது, சென்ற கோடை விடுமுறையில், தூத்துக்குடியில் எம் சிற்றப்பனாரின் பழைய லாரியினிடத்தேயாம்.

அந்த லாரி 1966-ஆம் ஆண்டில் எம் பாட்டனாரால் வாங்கப்பட்டது. டாட்டா நிறுவனத்தார் ஜெர்மனி தேயத்து டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தாரோடு 1954-ஆம் ஆண்டில் கூட்டுறவு கொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரிகள் செய்யத் தொடங்கினர். அவ்வுடன்படிக்கை 1969-ஆம் ஆண்டில் முடிவுற்றது. அவ்விடைக்காலத்து வண்டிகளுள் ஒன்றாதலின், எம் லாரியின் முகப்பில் மும்முனை விண்மீன் இன்றும் விளங்குகின்றது. தொழிற்சாலையினின்று அந்நாளில் வருவன பெரும்பாலும் அடிச்சட்டமும் எஞ்சினும் முகப்பும் மட்டுமே. ஓட்டுநர் அமரும் கூண்டையும் சுமை ஏற்றும் பெட்டியையும் உள்ளூர்ப் பட்டறைகளில் மரச்சட்டம் நிறுத்தி, அதன்மேல் தகடு போர்த்து அமைத்துக்கொள்வர். இதனைப் பாடி கட்டுதல் என்பது வழக்கு. கைவேலையாதலின் ஒரு லாரியின் கதவு மற்றொரு லாரிக்குப் பொருந்துவதன்று.

உப்பு விற்கும் உமணர், வழியில் அச்சு முறியுங்கொல் என்று அஞ்சி, வண்டியின் அடியில் சேமவச்சு ஒன்றைக் கட்டிச் சென்றமையைப் புறநானூற்றில் ஔவையார் பாட்டால் அறிகின்றோம். எம் லாரியும் உமணர் தொழிலையே செய்தது. முப்பது ஆண்டுகள் அளங்களினின்று உப்புச் சுமந்து, 1996-ஆம் ஆண்டில் ஓய்ந்து, ஓலைக் கொட்டகையில் நின்றது. ஆனால் அதன் கதவுக்குச் சேமக்கதவு எங்கும் இல்லை. கெட்டதைக் கையாற் செய்தே தீரவேண்டும்.

சிற்றப்பனார் அழைத்து வந்த முதியவர் நாற்பதாண்டு டிங்கர் வேலையிற் பழகியவர். அவரைச் சிற்றப்பனார் 'அண்ணாச்சி' என்பார். யாமும் அவ்வாறே அழைத்தோம். அவர் முதல் நாள் ஒரு சிறு சுத்தியலைத் தவிர வேறொன்றையும் எடுக்கவில்லை. லாரி முழுவதையும் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகடு கணீரென்று ஒலித்தது. கெட்ட தகடு ஊமையாயிற்று. மட்கார்டு முகப்போடு சேரும் மூட்டிலும், காலடித் தகட்டின் ஓரங்களிலும், இரு கதவுகளின் அடியிலும் ஒலி அவிந்தது. "துரு வெளியிலிருந்து வராது தம்பி, உள்ளிருந்துதான் வரும்," என்று அவர் காரணமும் உரைத்தார். சன்னற் கண்ணாடியின் இடுக்கு வழியே கதவினுட் புகும் மழைநீர் அடியிலுள்ள துளைகளால் வெளியேற வேண்டும். அத்துளைகளை மண்ணும் உப்பும் அடைத்துக்கொள்ளின் நீர் அங்கேயே தங்கும்; அடிச்சட்டத்து மரமும் அந்நீரைக் குடித்து ஈரம் ஆறாது நிற்கும். வெளியே ஒரு கொப்புளம் தோன்றுங்காலத்து உள்ளே தகடு தாள்போல் மெலிந்திருக்கும்.

வலக் கதவைக் குறித்தே வீட்டில் வழக்கு எழுந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எம் பாட்டனார், லாரி வந்த ஆண்டில், தம் கையாலேயே அக்கதவில் 'கர்த்தர் துணை' என்று இரண்டு வரியாக எழுதியிருந்தார். 'துணை' என்பதிலுள்ள ஈற்றெழுத்து, யானைத் துதிக்கை போல் முன்னே சுழித்த பழைய வடிவினது. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின் பள்ளிகளில் அவ்வடிவம் கற்பிக்கப்படவில்லை. பாட்டனார் எழுதியனவாக எம் வீட்டில் எஞ்சியிருப்பது இவ்வொன்றே. துருவோ அடியினின்று ஏறி இரண்டாம் வரியைத் தொட்டுவிட்டது.

வேறொரு பட்டறையார், துருவைத் தேய்த்துவிட்டுப் பட்டி பூசி வண்ணம் அடித்து இரண்டே நாளில் தருவதாகக் கூறினர், செலவும் குறைவு. ஆனால் துருவின்மேற் பூசிய பட்டி ஈரத்தை உள்ளே அடக்கி வைக்கும். மழைக்காலம் ஒன்றிரண்டு செல்வதற்குள் பெயர்ந்து விழும். மற்றொருவர், தகடு முழுவதையும் நீக்கிப் புதியது போர்த்துவதே முறை என்றார். அது பழுதற்ற வழியே. எழுத்து மட்டும் குப்பைக்குப் போகும். எம் பாட்டியார் இவற்றையெல்லாம் கேட்டிருந்து, "எழுத்துப் போவதானால் லாரியையும் இரும்புக் கடைக்கே போட்டுவிடுங்கள்," என்றார். சிற்றப்பனார் விடை கூறாது அண்ணாச்சியின் முகத்தை நோக்கினார்.

அண்ணாச்சி தகட்டை மரச்சட்டத்தினின்று ஆணி நீக்கிப் பிரித்து மேசைமேற் கிடத்தினார். வண்ணத்தைச் சுரண்டி, ஒளிரும் இரும்பு தோன்றும் வரையில் தேடி, அதற்கு மேலே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டார். கோடு 'து' என்னும் எழுத்தின் கீழ்வளைவினூடே சென்றது. "இதற்குக் கீழே பிடிப்பதற்கு இரும்பு இல்லை," என்றார். பாட்டியார் நெடுநேரம் அக்கோட்டை நோக்கி நின்று, பின்னர், "வெட்டுங்கள்," என்று கூறி உள்ளே சென்றார்.

அதன்பின் நடந்தவை பொறுமையின் தொழில். அட்டையில் அளவு வெட்டி, அவ்வளவிற்கு 20 கேஜ் தகட்டை நறுக்கி, பழைய விளிம்போடு இடைவெளியின்றிப் பொருத்தினார். பட்டறையில் சி.ஓ.டூ. வெல்டிங் எனப்படும் முறையால் ஒரு புள்ளி வைத்து, அடுத்த புள்ளியை அதனருகில் வையாது ஒரு சாண் தள்ளி வைத்தார். தொடர்ந்து ஒரே இடத்திற் சூடேற்றின் மெல்லிய தகடு நெளிந்துவிடும். எழுத்தின்மேல் ஈரத்துணி பரப்பி, அது வற்றுந்தோறும் நீர் தெளிப்பது எம் பணியாயிற்று. அவ்வளவு காத்தும் எழுத்தின் அடி சிறிது கருகியது. புள்ளிகள் நெருங்கி ஒரே கோடானபின் அதனை அராவி, சுத்தியலால் தட்டிச் சமனாக்கி, உட்புறம் துத்தநாகப் பூச்சுப் பூசினார். நீர் வடியும் துளைகளை முன்னினும் பெரியனவாக இட்டார். அடிச்சட்டத்திற்குப் புதுத் தேக்கு வந்தது.

அவ்வேலையைக் கண்டபொழுது யாப்பிலக்கண வகுப்பிற் கேட்டதொரு சொல் எமக்கு விளங்கிற்று. இரண்டு குறள் வெண்பாக்களை ஒரு நேரிசை வெண்பாவாக இணைக்குங்கால், முன்னது தனிச்சொல்லோடு ஒட்டாது நிற்பின், ஓரசையேனும் ஈரசையேனும் இட்டுப் பொருத்துவர்; அதனை ஆசிடை நேரிசை வெண்பா என்பர். உலோகத்தைப் பற்றவைக்க இடும் பற்றாசே அப்பெயருக்கு மூலம். தேர்வுக்காக மனனம் செய்த அவ்விலக்கணத்தின் பொருளை யாம் பட்டறையிற் கண்ணாரக் கண்டோம்.

கதவு மீண்டபின் ஒரு வினா எஞ்சியது. இழந்த வளைவைப் புதிதாக எழுதிவிடலாமே என்றனர் பலர். யாம் அப்பொழுது, செல்லரித்த சுவடிகளினின்று புறநானூற்றை 1894-ஆம் ஆண்டில் அச்சேற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களை நினைந்து, எம் கருத்தைக் கூறினோம். அந்நூலில் 267, 268 ஆகிய பாட்டுக்கள் கிடைத்தில. வேறு பலவற்றில் அடிகள் சிதைந்துள்ளன. செய்யுள் இயற்ற வல்லவராயிருந்தும், அவர் தம் சொல்லைப் பெய்து அவ்விடங்களை நிரப்பினாரல்லர். புள்ளியிட்டு வெற்றிடமாகவே விட்டார். அதனாலன்றோ எஞ்சிய அடிகளைப் பழையன என்று நாம் ஐயமின்றி நம்புகின்றோம்? சிற்றப்பனார் இசைந்தார். புதுத் தகட்டிற்குக் கதவின் நிறம் மட்டும் பூசப்பட்டது, வளைவு எழுதப்படவில்லை.

மாணவ நண்பர்காள்! முன்னோர் விட்டுச் சென்றவற்றுள் கெட்ட பகுதி இல்லாதது அரிது. அதனைப் பட்டி பூசி மறைப்பதும், கெட்டது கண்டு முழுவதையும் எறிவதும் எளிய செயல்கள். தட்டிப் பார்த்து, ஒலி கேட்டு, வெட்ட வேண்டிய அளவே வெட்டி, ஒட்டுப் போட்ட இடத்தை ஒட்டென்றே காட்டி நிற்பதற்குப் பயிற்சியும் நேர்மையும் வேண்டும். மொழியைக் காக்கப் புகுவார்க்கும், லாரியைக் காக்கப் புகுவார்க்கும் இது பொதுவாமென்பது எம் துணிபு. எம் பாட்டியார் இப்பொழுதும் மாலைதோறும் கொட்டகைக்குச் சென்று அக்கதவைத் துடைத்து வருகின்றார். கீழ்வளைவு இல்லாத அச்சொல்லை அவர் 'துணை' என்றே படிக்கின்றார்.