மடியில் இருந்த பிள்ளை

கல்லூரியில் இருபது ஆண்டுகளாகப் பௌதிகவியல் கற்பித்து வருபவன் நான். நியூற்றனின் முதலாம் விதியை விளக்கும்போதெல்லாம், ஓடும் பேருந்து திடீரென நிற்கையில் பிரயாணிகள் முன்னே சாய்வதையே உதாரணமாகக் காட்டுவது வழக்கம். மாணவர்களும் அதனைப் பிழையின்றி எழுதிப் புள்ளி பெற்று வந்திருக்கின்றனர். அவ்விதி என் மடியில் இருந்த பிள்ளைக்கும் பொருந்தும் என்பதை நான் உணர்ந்தது 2022ஆம் ஆண்டு மார்கழியில், புளியங்குளத்துக்கு அண்மையில், ஒரு பசுமாட்டின் உபயத்தால்.

கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழும் என் தங்கை, தன் எட்டு மாதக் குழந்தையுடன் அவ்விடுமுறைக்கு ஊருக்கு வந்தாள். வருமுன்னரே தொலைபேசியில் அவள் இட்ட கட்டளை ஒன்றுதான்: "அண்ணா, நடு ஆசனத்திலை பட்டி உள்ள வானாய்ப் பாருங்கோ. பட்டி இல்லாட்டி நான் ஏறமாட்டன்." ஏழு வருடம் கழித்து வருபவள் பொதிகளுடன் ஓர் ஆசனத்தையும் சுமந்துகொண்டு கட்டுநாயக்காவில் வந்து இறங்கியதைக் கண்டபோது, எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வானில் பட்டி இருந்தது; ஆனால் அதனைக் காண முடியவில்லை. ஆசனத்துக்குப் போட்டிருந்த றெக்சின் உறைக்குள் அது புதைந்து கிடந்தது. சாரதித் தம்பி உறையின் தையலைப் பிரித்து, கையை உள்ளே விட்டுத் துழாவி, பழைய ரொபித்தாள் ஒன்றுடன் கொளுவியை வெளியே எடுத்தான். தங்கை ஆசனத்தை வைத்து, அதன்மேல் தன் முழங்காலை ஊன்றி, பட்டியை இழுத்து இறுக்கி, அசைத்துப் பார்த்து, திருப்தி கொள்ளாமல் மறுபடியும் அவிழ்த்துக் கட்டினாள். அரை மணித்தியாலம் ஓடிவிட்டது. என்னுடன் வந்திருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. குழந்தை பயணத் திசைக்கு முதுகு காட்டி இருத்தப்பட்டதைக் கண்டதும், "என்ன பிள்ளை, செய்யாத குற்றத்துக்குச் சுவரைப் பாக்க இருத்திற மாதிரி இருத்தியிருக்கிறாய்? கைக்குழந்தையைக் கையிலை வைச்சிருக்க உனக்கு என்ன வருத்தம்?" என்றார். நான் அம்மாவின் பக்கம். வாய் திறக்கவில்லையே தவிர, என் மூன்று வயது மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு தங்கைக்குப் பக்கத்தில் அமர்ந்த விதமே என் அபிப்பிராயத்தை எடுத்துக் கூறியிருக்கும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வானை நிறுத்தச் சொல்லி, குழந்தையை ஆசனத்திலிருந்து எடுத்து, பால் கொடுத்து, உலாவவிட்டு, மீண்டும் கட்டினாள் தங்கை. அந்தச் சிறு உடம்பு நெடுநேரம் ஒரே சாய்வில் இருப்பது நன்றன்று என்பது அவள் சொன்ன காரணம். பிரயாணம் நீண்டது. வவுனியாவைத் தாண்டும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புளியங்குளத்தை அண்மித்தபோது பற்றைக்குள்ளிருந்து ஒரு மாடு வீதியில் ஏறிற்று. சாரதி பிரேக்கை அமர்த்தினான். மாடு தப்பியது, வானும் எதிலும் மோதவில்லை. ஆனால் என் இரு கைகளாலும் அணைத்து வைத்திருந்த மகள் கையில் இல்லை. முன் ஆசனத்தின் தலைதாங்கியைத் தாங்கும் இரும்புக் கம்பியில் நெற்றி அடிபட்டு, இரண்டு ஆசனங்களுக்கும் நடுவே கிடந்தாள். புருவத்துக்கு மேலே மூன்று தையல். என் மேற்சட்டையில் இரத்தம். தங்கையின் குழந்தையோ கண்ணும் விழிக்கவில்லை.

தங்கை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு எல்லாரும் உறங்கிய பின், விடைத்தாள் திருத்தும் மேசையில் அமர்ந்து ஒரு கணக்குச் செய்தேன். அந்தப் பிரேக்கினால் உண்டான அமர்முடுகல், புவியீர்ப்பு ஆர்முடுகலில் ஏறக்குறையப் பத்தில் ஏழு பங்கு என்று கொள்வோம். மகள் 14 கிலோ. அவளை என் மடியிலிருந்து பறித்த விசை பத்துக் கிலோப் பாரத்துக்கு ஒப்பானது, அவ்வளவுதான். கடையிலிருந்து பத்துக் கிலோ அரிசிப் பையை ஒற்றைக் கையால் தூக்கி வருகிறவன் நான். ஆயினும் எதிர்பாராத கணத்தில் அதனைப் பிடிக்க என்னால் இயலவில்லை.

மாட்டுக்குப் பதிலாக ஒரு லொறி நின்றிருந்தால்? மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் சென்ற வண்டி மோதி, அரை மீற்றர் தூரத்துள் நின்றுவிடுவதாகக் கொண்டால், அமர்முடுகல் புவியீர்ப்பின் இருபது மடங்காகிறது. 14 கிலோப் பிள்ளை 280 கிலோப் பாரமாகிறாள். ஐந்து மூட்டை அரிசிக்கும் அதிகம். அதனைப் பிடித்து நிறுத்துவதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கிலும் குறைவு. பிடிக்கத் தவறினால் பிள்ளை அவ்வேகத்தில் முன்னே சென்று மோதுவது, ஏறக்குறையப் பத்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் கூரையிலிருந்து நிலத்தில் விழுவதற்குச் சமம். கண்டி வீதியில் ஊர்மனைகளுக்கு வெளியே கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட 70 கிலோமீற்றருக்கு இதே கணக்கைச் செய்தேன். உயரம் 19 மீற்றரைக் கடந்தது. வடலியன்று, வளர்ந்த பனை. "திணிவுடைய பொருளொன்று" என்று தொடங்கும் இத்தகைய வினாக்களை எத்தனையோ தவணைப் பரீட்சைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்பொருளுக்கு ஒருபோதும் முகம் இருந்ததில்லை.

மறுநாள் அம்மாவிடம் இதனைக் கூறினேன். "அப்ப, பட்டியை என்னையும் பிள்ளையையும் சேர்த்துப் போட்டால் போச்சு" என்றார். கெட்டிக்காரத்தனமான யோசனை போலத் தோன்றும். உண்மையில் அது மடியிலும் கேடானது. மோதலின்போது பெரியவருடைய உடலின் பாரம் முழுவதும் பிள்ளையைப் பட்டியோடு வைத்து நசுக்கும்.

குழந்தையைப் பின்புறம் பார்க்க இருத்துவதன் காரணத்தையும் அப்போதுதான் ஊன்றிக் கற்றேன். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் தலை மாத்திரமே நாலில் ஒரு பங்கு. அப்பெரிய தலையைத் தாங்கும் கழுத்தோ முற்றாத எலும்பும் நெகிழ்ந்த நார்களும் கொண்டது. முன்நோக்கி இருந்து மோதினால் பட்டி உடலைப் பிடித்துவிடும்; தலை போய்க்கொண்டேயிருக்கும். பின்நோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு யாவற்றையும் ஆசனத்தின் ஓடு ஒருசேர ஏந்திக்கொள்கிறது. இவ்வுண்மையைச் செயலாக்கியவர் சுவீடன் நாட்டு வைத்தியர் பேட்டில் ஆல்ட்மன். விண்வெளி வீரர்கள் ஜெமினிக் கலத்தில் மல்லாந்து கிடந்து மேலெழும் முறையைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் உதித்ததாகக் கூறுவர். 1964இல் வொல்வோ நிறுவனத்தார் அவ்வகை ஆசனத்தைச் சோதித்தனர். அதற்கு முன்னரும் கார்களில் பிள்ளை ஆசனங்கள் இருந்ததுண்டு. ஆனால் அவற்றுட் பல பிள்ளை யன்னலால் வேடிக்கை பார்க்க உயர்த்தி வைத்தவையே. அமெரிக்காவில் பிள்ளைகளை ஆசனத்தில் கட்டிச் செல்லவேண்டும் என்ற சட்டத்தை 1978இல் முதன்முதல் நடைமுறைப்படுத்தியது தெனெசி மாநிலம். நம் நாட்டில் 2011இல் முன் ஆசனத்தினர்க்குப் பட்டி கட்டாயமானது. நானும் அன்றுமுதல் ஒழுங்காக அணிந்து வந்தேன், பொலிசாருக்காக.

தங்கை திரும்பிச் சென்ற பின் மகளுக்கு ஆசனம் தேடினேன். 2022இன் பொருளாதார நெருக்கடியை அடுத்து இறக்குமதிப் பொருள்களின் விலை ஆசிரியனுடைய சம்பளத்தைப் பார்த்து நகைத்த காலம் அது. ஆகையால் பழைய ஆசனம் ஒன்றை அறியாத ஒருவரிடம் மலிவாக வாங்கினேன். துணியைக் கழற்றிக் கழுவப் போனபோது, ஓட்டின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்பு. விபத்தொன்றில் அகப்பட்ட ஆசனமோ, வெறுமனே விழுந்ததோ, யார் கண்டார்? ஒரு மோதலைத் தாங்கிய ஆசனம் இரண்டாவதைத் தாங்கும் என்று நம்புதற்கில்லை. அதனை இரண்டாக உடைத்தே குப்பையிற் போட்டேன், வேறொருவர் எடுத்துப் பாவிக்காதிருக்க. பணம் போனது போனதுதான். இப்போது யாரேனும் என்னிடம் கேட்டால், வரலாறு தெரிந்த வீட்டு ஆசனமாயின் வாங்குங்கள், இல்லையேல் புதிதாகவே வாங்குங்கள் என்பேன். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்துப் பொறித்த அங்கீகாரச் சீட்டு உண்டா, காலாவதித் திகதி அச்சிடப்பட்டிருந்தால் அது கடந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். ஓடு எதுவுமின்றித் துணியாலும் நாடாவாலும் மாத்திரம் ஆக்கி விற்கும் மெத்தைகளும் உண்டு. அவை பிள்ளையை ஏமாற்றா, பெற்றாரையே ஏமாற்றும்.

விலை கூடியதே சிறந்தது என்பதுமில்லை. பிள்ளையின் உயரத்துக்கும் நிறைக்கும் பொருந்தி, நம் காரிலும் பொருந்தி, ஒவ்வொரு தடவையும் சரியாகக் கட்டத்தக்கதாயிருப்பதே நல்ல ஆசனம். சுவீடனில் நான்கு வயது வரைக்கும் பின்நோக்கியே இருத்துகிறார்கள். நான் ஈற்றில் வாங்க இயன்ற ஆசனம் அவ்வாறு 13 கிலோ வரையே ஏற்கும். மகளோ 14 கிலோ. ஆகவே முன்நோக்கி, ஐந்து வாருள்ள கட்டுடன் வைத்தேன்.

வாங்கியதோடு காரியம் முடிந்தது என்றிருந்தேன். ஆறு மாதம் வரை நான் அதனைப் பிழையாகவே பூட்டியிருக்கிறேன் என்பது, கையேட்டை ஆறுதலாக வாசித்த ஒரு போயா விடுமுறையன்று வெளிப்பட்டது. பட்டி செல்லும் இடத்தில் ஆசனத்தைப் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையலாகாது. எனது நாலங்குலம் ஆடிற்று. முன்நோக்கிய ஆசனத்தில் வார் தோளின் மட்டத்திலோ சற்று மேலோ வரவேண்டும்; எனது கீழே இருந்தது. (பின்நோக்கியதில் இது நேர்மாறு: தோள் மட்டம் அல்லது சற்றுக் கீழ்.) தோளருகே வாரை இரு விரல்களால் கிள்ளிப் பார்க்கவேண்டும், மடிப்புப் பிடிபட்டால் தளர்வு. இவற்றுக்கெல்லாம் மேலாக, காரின் இருக்கைக்கும் சாய்மனைக்கும் இடையிலுள்ள பிளவில், ஆசனத்தைக் கொளுவுவதற்கென்றே இரண்டு இரும்பு வளையங்கள் நெடுநாளாக எனக்காகக் காத்திருந்தன. பௌதிகவியல் பட்டதாரி!

முன் ஆசனத்தில் காற்றுப்பை உள்ள காரில், பின்நோக்கிய ஆசனத்தை அங்கே ஒருபோதும் வைக்கலாகாது. பை விரியும் வேகம் பெரியவரைக் காக்கும். குழந்தையின் தலைக்குப் பின்னால் அதுவே சம்மட்டி. யாழ்ப்பாணத்து வெயிலில் நிறுத்திய காரில் கொளுவியின் இரும்பு தொடையைச் சுட்டுவிடும் என்பதைக் கையேடு சொல்லவில்லை. வேப்ப மர நிழலும், மேலே போட ஒரு துவாயும் வேண்டும்.

கார் இல்லாத வீடுகளே நம்மிடையே அதிகம் என்பதை அறிவேன். மோட்டார் சைக்கிளில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே பிள்ளை செல்வதையும், ஓட்டோவில் ஆசனம் கட்ட வழியில்லாததையும் நாளாந்தம் காண்கிறேன்; அதற்கு என்னிடம் விடையில்லை. ஆனால் கட்டுநாயக்காவுக்கென்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வான் பிடிக்கும்போது, குளிரூட்டி உண்டா என்று கேட்கும் நாம், பின்னால் பட்டி உண்டா என்றும் கேட்கலாமன்றோ?

மகள் முதல் வாரம் முழுவதும் ஆசனத்தில் இருந்து அழுதாள். பிறகு பழகிவிட்டாள். தளர்ந்தவன் நானே. ஒருநாள் கோண்டாவிலில் கலியாண வீடு. முகூர்த்தம் நெருங்கிவிட்டது. ஆசனம் கழுவி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. "இந்தா இருக்கிற கோண்டாவில்தானே, மடியிலை வைச்சிரும்" என்று மனைவியிடம் சொன்னேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. மகளின் நெற்றியில் விழுந்திருந்த மயிரை மெல்ல ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் போய் ஈர ஆசனத்தை எடுத்து வந்து பூட்டினேன். தாலி கட்டி முடிந்த பின்னரே போய்ச் சேர்ந்தோம்.

இப்போது அவளுக்கு ஆறு வயது கடந்துவிட்டது. ஆசனத்தை விட்டு, பட்டி வயிற்றில் ஏறாமல் இடுப்பிலும் தோளிலும் படியச் செய்யும் உயர்த்தும் இருக்கைக்கு மாறிவிட்டாள். உயரம் 145 சென்ரிமீற்றரை எட்டும்வரை அது வேண்டும் என்பது ரொறன்ரோவிலிருந்து வந்த உத்தரவு. அறைக் கதவு நிலையில் அவ்வளவில் பென்சிலால் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை அம்மாதான் பேத்தியை அதில் சாய்த்து நிறுத்தி, தலையில் அடிமட்டம் வைத்து அளக்கிறார். சென்ற மாதம் 117.