வள்ளல்களின் வளைவுகள்

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வாடையிலிருந்து தப்பி மலையேறும் தமிழாசிரியர்களாகிய நாங்கள், கபிலர் வளைவு வந்ததும் பேருந்திலேயே பாடத்தைத் தொடங்கிவிடுவோம். பாரியின் பறம்பு மலையில் உழாமலே விளைபவை மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கு என்கிறது புறநானூறு. பறம்பின் 300 ஊர்களையும் பாரி பரிசிலர்க்கே கொடுத்துவிட்டான் என்பதும் கபிலர் வாக்கு.

சென்ற ஆண்டு முதுகலை மாணவர்களோடு சென்றிருந்தோம். அத்தனாவூரில், மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தார்.

"உங்க தோட்டத்துப் பலாவா பாட்டி?" என்று கேட்டாள் மாணவி ஒருத்தி.

"தோட்டம் போயி நாளாச்சு கண்ணு. அதோ நிக்குதே விடுதி, அதுதான் எங்க தோட்டம். மருமக இப்ப அங்கதான் ரூம் கூட்டுறா."

அன்றிரவு நாங்கள் தங்கியது அந்த விடுதியில்தான். எவருக்கும் சரியாக உறக்கம் வரவில்லை. பரிசிலர் வேடத்தில் மலையேறி, கொடுத்தவரையே கூலியாக்கிவிட்டோமோ என்று தோன்றியது.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. தேக்கடியில், பெரியாறு காப்பகத்துக்குள் காட்டு லவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்தவர்களைக் கேரள வனத்துறை 1990களின் பிற்பகுதியில் ஒரு குழுவாக அமைத்தது. காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த அவர்களே பயணிகளுக்கு வழிகாட்டிகளாயினர். காட்டுக்குக் காவலும் ஆயினர். காடு நிலைத்தால்தான் பிழைப்பு நிலைக்கும் என்றானபோது காவலுக்கு வேறு உபதேசம் தேவைப்படவில்லை.

நம் சமவெளிக்கும் ஒரு பாடம் உண்டு. பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவு குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும், தீங்கு நேருமுன்பே தடுக்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆற்றுக்கு அது காலங்கடந்து வந்தது. மலைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இவ்வாண்டு நிலாவூரில் ஒரு குடும்பத்தாரின் வீட்டிலேயே தங்கினோம். சாமைச்சோறு போட்டார்கள். கட்டணத்தை அவர்களே சொன்னார்கள். நாங்கள் பேரம் பேசவில்லை. எங்கள் குப்பையை நாங்களே கீழே கொண்டுவந்தோம். இதனால் பாட்டியின் தோட்டம் திரும்பிவிடாது என்பதை அறிவோம். எனினும், மலையேறும் நண்பர்கள் அறை எடுக்குமுன் ஒன்றை மட்டும் கேட்டறிய வேண்டுகிறோம்: நாம் தரும் பணம் மலையில் தங்குமா, நமக்கு முன்பே கீழே இறங்கிவிடுமா?