கப்பல்களைப் பற்றி நான் பேசியதில்லை

ஆர்தஸுக்காக நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். வாதாடும்போதெல்லாம் அவன் கதையில் ஒரு பகுதியை மறைத்தேன். தெரிந்தேதான் மறைத்தேன்.

2002-ல் பிளிசார்ட் வெளியிட்ட 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டில் அவன் இளவரசன். மக்களைக் காப்பாற்றத் துடிப்பவன். ஸ்ட்ராத்ஹோம் நகரத்துக்குள் நோய் கலந்த தானியம் போய்விடுகிறது. தின்றவர்கள் நடைபிணங்களாக மாறுவார்கள். அதற்குள் நகரத்தையே வெட்டிச் சாய்க்கச் சொல்கிறான் ஆர்தஸ். குரு ஊதர் மறுக்கிறார். அவரைத் துரோகி என்கிறான். அவனை நேசித்த ஜெய்னாவும் விலகிப் போகிறாள்.

"வேறு என்ன வழி இருந்தது?" என்று கேட்பேன். விளையாடுபவருக்கும் அங்கே வேறு வழி கிடையாது. மால்கானிஸ் என்ற அரக்கன் நூறு பேரைப் பிடிப்பதற்குள் நாம் நூறு நடைபிணங்களை வீழ்த்த வேண்டும். இல்லையென்றால் தோல்வி. எதிரில் இருப்பவர் திணறுவார். நான் ஜெயிப்பேன்.

மறைத்தது அடுத்து வருவதை. மால்கானிஸைத் துரத்தி ஆர்தஸ் கடல் கடந்து நார்த்ரெண்டுக்குப் போகிறான். படை திரும்ப வேண்டும் என்று அரசர் ஆணை அனுப்புகிறார். அவர்கள் திரும்ப முடியாதபடி ஆர்தஸ் கூலிப்படையை வைத்துத் தன் கப்பல்களையே எரிக்கிறான். பிறகு வீரர்களிடம் பழியைக் கூலிப்படைமேல் போட்டு, அவர்களைக் கொல்லச் சொல்கிறான். அவனைக் கெடுத்தது பின்னால் அவன் எடுக்கும் சபிக்கப்பட்ட வாள் என்பார்கள். அந்த வாளை அவன் அப்போது தொட்டிருக்கவே இல்லை.

இதை ஏன் மறைத்தேன்? நானும் அதையே செய்திருந்தேன்.

அதே கதையுலகில் நடக்கும் இணைய விளையாட்டான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டி'ல், சேர்ந்து ஆடும் ஒரு குழுவுக்கு, அதாவது கில்டுக்கு, நான் தலைவனாக இருந்தேன். 2009 டிசம்பரில் ஐஸ்கிரவுன் கோட்டை திறந்தது. நடைபிணங்களின் அரசனான லிச் கிங்காகிவிட்ட ஆர்தஸை அங்கே வீழ்த்த வேண்டும். பெரிய ரெய்டில், அதாவது கூட்டுத் தாக்குதலில், 25 பேருக்குத்தான் இடம். ஜெயிக்காவிட்டால் நல்ல ஆட்டக்காரர்கள் வேறு கில்டுக்குப் போய்விடுவார்கள் என்று பயந்தேன். கில்டு உடையக் கூடாது என்று நினைத்தேன். அது பொய்யில்லை. முதலில் வெற்றி பெற்ற தலைவன் என்ற பெயரும் எனக்கு வேண்டியிருந்தது. அதுவும் பொய்யில்லை.

ஆரம்பத்திலிருந்து கூட இருந்தவர்களில், ஆட்டத்தில் பின்தங்கியவர்களை நீக்கிப் பட்டியல் போட்டேன். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணைத் தலைவன் மட்டும் தடுத்தான். "மாத்தி மாத்திக் கூட்டிட்டுப் போலாம். கொஞ்சம் தாமதமானா என்ன?" என்றான். நான் கேட்கவில்லை.

நீக்கப்பட்டவர்கள் காரணம் கேட்டார்கள். எல்லோரும் குரல் சாட்டில் இருந்தார்கள். துணைத் தலைவனும் இருந்தான். "பட்டியல் போட்டது அவன்தான்" என்றேன். வாய் தவறி வந்ததில்லை. யோசித்துச் சொன்னேன்.

அவன் மறுத்துப் பேசவில்லை. அன்று இரவு அத்தனை ஏச்சையும் அவன் வாங்கினான். மறுநாள் தனியாகக் கேட்டான்: "ஏண்ணா என் பேரைச் சொன்னீங்க?" "கில்டோட நல்லதுக்குத்தான்" என்றேன். அவன் விலகினான். நீக்கப்பட்டவர்களும் போய்விட்டார்கள். போனவர்கள் இன்றும் அவனைத்தான் குற்றவாளியாக நினைக்கிறார்கள்.

ஸ்ட்ராத்ஹோம் வாசலில் நின்ற ஆர்தஸ்மேல் எனக்கு இன்றும் இரக்கம் உண்டு. கப்பலை எரித்தவன்மேல் இல்லை. நோக்கம் நல்லதென்றால் செய்ததைத் தன் ஆட்களின் முகம் பார்த்துச் சொல்லியிருப்பான். பழியைத் தள்ள ஆள் தேடியவனுக்கு, நோக்கத்தைக் காட்டி இரக்கம் கேட்க உரிமையில்லை. அவன் பெயரில் நான் கேட்டுவந்த மன்னிப்பு எனக்கானது. அதற்கும் எனக்கு உரிமையில்லை.

பட்டியலைப் போட்டவன் நான். துணைத் தலைவன் வேண்டாம் என்றான்.