சூடான டயருக்குக் கணக்கு வேறு

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில், அக்குறணையின் கடை நெரிசலைக் கடந்து மாத்தளைப் பக்கம் போனால் வருவது அலவத்துகொட. இந்தப் பாதையில் சாப்பாட்டுக் கடைக்கு அடுத்தபடி கண்ணில் படுவது டயர் கடை. நான் போய் உட்கார்ந்தது அப்படியொரு சின்னக் கடையில். தகரக் கூரை, பின்னால் கொம்ப்ரஷர், முன்னால் விற்பனைக்குப் பழைய டயர்கள், அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் விரிப்பு. டயருக்குள் மழைத்தண்ணீர் நின்று நுளம்பு பெருகினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்து வழக்குப் போட்டுவிடுவார். டெங்குக் காலத்தில் டயர் கடைக்காரர்தான் ஊரில் முதல் சந்தேகநபர்.

கடைக்காரர் அக்குறணைக்காரர். தமிழ் பேசுகிறவர்களும் சிங்களம் பேசுகிறவர்களும் அவரை நானா என்றே கூப்பிடுகிறார்கள். கூட நிற்கிற பையன் மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வருகிறவன். அவனுக்கு மட்டும் அவர் மொதலாளி.

பஞ்சர் ஒட்டுவதைப் பார்க்க நான் போகவில்லை. குடும்பத்தோடு ஓடுகிற ஒரு சாதாரணக் காருக்குக் காற்று எவ்வளவு என்பதை இங்கே யார் தீர்மானிக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். பெரும்பாலும் அதைத் தீர்மானிப்பது பழக்கம். கார் வந்து நிற்கும், கண்ணாடி இறங்கும், "நானா, முப்பது அடிங்க" என்று குரல் வரும். வேனுக்கும் முப்பது, சின்னக் காருக்கும் முப்பது. ஓட்டுகிறவர் இறங்கவே மாட்டார்.

நானா குழாயை எடுப்பதற்கு முன்னால் சொல்வது ஒன்றுதான். "கதவத் தொறங்க மொதல்ல."

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில், இருக்கைக்குப் பக்கமாக, காற்றின் அளவைச் சொல்கிற ஒரு ஸ்டிக்கர் இருக்கும். நம் நாட்டுக் கார்களில் பல யப்பானில் ஓடிவிட்டு ரீகண்டிஷனாக வந்தவை. எனவே ஸ்டிக்கர் யப்பானிய எழுத்தில் இருக்கும், எண் கிலோபாஸ்கலில் இருக்கும். இங்குள்ள கேஜோ பி.எஸ்.ஐ.யில் பேசும். வருடக்கணக்காக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறவர்களும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நானாவுக்கு யப்பானிய எழுத்து தெரியாது. டயர் அளவு எழுதியிருக்கிற வரியைப் பிடித்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். "இதுல 240ண்டு ஈக்கிது. அப்பிடீண்டா முப்பத்தஞ்சு." உள்ளே அலுமாரிக் கதவில் பெயின்ற்றால் எழுதி வைத்திருக்கிறார்: 220க்கு 32, 230க்கு 33, 240க்கு 35, 250க்கு 36. ஒரு பி.எஸ்.ஐ. என்பது 6.9 கிலோபாஸ்கல், வகுத்துப் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது.

சிலர் தாங்களாகவே குனிந்து டயரின் பக்கச்சுவரைப் படித்து, "இதில் 44 என்று போட்டிருக்கிறதே" என்பார்கள். அது டயர் தாங்கக்கூடிய உச்சம். ஒரே டயர் கனமான காரிலும் ஓடும், கனம் குறைந்த காரிலும் ஓடும். எந்தக் காரின் கீழ் தான் உருளப்போகிறது என்று டயர் கம்பனிக்குத் தெரியாது. காற்றின் அளவைச் சொல்ல வேண்டியது காரைச் செய்தவர். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 33 பி.எஸ்.ஐ.யில் நிற்கும்போது ஒவ்வொரு டயரும் வீதியைத் தொடுவது ஏறக்குறைய ஒரு தபாலட்டை அளவுதான். காற்றைக் குறைத்தால் அந்தப் பரப்பு அகலும், பக்கச்சுவர் அதிகம் மடியும், சூடேறும். கூட்டினால் பரப்பு சுருங்கும், ஈர வீதியில் பிடி குறையும்.

காரைச் செய்தவர் சொன்னால் அது வேதவாக்கா? அமெரிக்காவில் அந்தக் கேள்வி மரணங்களோடு எழுந்தது. ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிக்கு ஃபோர்ட் சொன்ன அளவு 26 பி.எஸ்.ஐ.; டயர் செய்த ஃபயர்ஸ்டோன் 30 வேண்டும் என்றது. வெயிலில், வேகத்தில், பாரத்தோடு ஓடிய வண்டிகளில் டயரின் மேற்பட்டை உரிந்து, வண்டிகள் புரண்டன. 2000 ஓகஸ்ட்டில் 65 இலட்சம் டயர்களைத் திருப்பி அழைத்தார்கள். இறந்தவர்கள் 250 பேருக்கும் மேல். தவறு டயரிலா, 26இலா என்று இரண்டு கம்பனிகளும் ஒன்றையொன்று கைகாட்டின. அதன் பிறகு வந்த சட்டத்தால்தான் அங்கே 2007 செப்டெம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் காற்று குறைந்தால் எரிகிற விளக்கு கட்டாயமானது. யப்பானில் அப்படிக் கட்டாயம் இருக்கவில்லை. அதனால் இங்கே வருகிற பல கார்களில் அந்த விளக்கைக் காணமாட்டீர்கள். இருந்தாலும் அதை நம்பிச் சும்மா இருக்க முடியாது. அமெரிக்க விதிப்படி சொன்ன அளவில் கால்பங்கு குறைந்த பிறகு எரிந்தால் போதும். 35 இருக்க வேண்டிய டயர் 26க்கு இறங்கும்வரை விளக்கு வாய்திறக்காது.

எண் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தொழில் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பையன் கேஜை வைப்பதற்கு முன் புறங்கையை டயரில் வைத்துப் பார்க்கிறான். "மொதலாளி, இது சூடா இருக்குங்க." ஸ்டிக்கரில் இருக்கிற எண் குளிர்ந்த டயருக்கு. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. கண்டியிலிருந்து வளைவுகளில் பிரேக் பிடித்துப் பிடித்து வந்து சேர்கிற காரின் டயர் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். கேஜ் 39 காட்டுகிறதென்று காற்றைத் திறந்துவிட்டு 35க்குக் கொண்டுவந்தால், மறுநாள் காலை அதே டயர் 31இல் நிற்கும். இந்தத் தவறைத்தான் அவசரக் கடைகள் நாள் முழுக்கச் செய்கின்றன.

நானா அப்படித் திறந்துவிடுவதில்லை. நான்கையும் முதலில் அளக்கிறார், ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார். மூன்று 38இலும் ஒன்று 33இலும் இருந்தால் அவர் பார்வை அந்த ஒன்றின் மேல். விரலை எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைக்கிறார். குமிழி வந்தால் வால்வு, வராவிட்டால் சவர்க்காரத் தண்ணீர், ஆணி தேடல். வெயில் பக்கமாக நின்றிருந்த டயர் ஒன்றிரண்டு கூடக் காட்டுவதையும் கழித்துக்கொள்கிறார். சூடான டயருக்கு ஸ்டிக்கர் எண்ணைவிட மூன்று நான்கு கூட வைத்துவிட்டு, "காலைல ஸ்கூலுக்குப் போற வழில ஒருக்கா நிப்பாட்டுங்க, அப்ப பாப்பம்" என்கிறார். வருகிறவர்கள் குறைவு. காற்றுக்கென்று அவர் விலை சொல்வதில்லை, கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார்; அதனாலேயே சனம் அதை ஒரு வேலையாக மதிப்பதில்லை என்று எனக்குப் படுகிறது.

லாச்சியில் ஒரு துணியில் சுற்றி இன்னொரு கேஜ் வைத்திருக்கிறார். அது வேலைக்கு இல்லை. நாளெல்லாம் சீமெந்துத் தரையில் விழுந்தெழும்புகிற குழாய்க் கேஜ் உண்மை சொல்கிறதா என்று பார்ப்பதற்கு. பெற்றோல் செட்டில் எண்ணை அமுக்கினால் தானாக அடித்துவிட்டுக் கூவுகிற இயந்திரங்களைப் பற்றிக் கேட்டேன். "மிசின் நல்லந்தான். அத யாரு செக் பண்ற?"

நுவரெலியா போகிறவர்கள் குளிருக்கென்று காற்றைக் கூட்டச் சொல்கிறார்களாம். எனக்கு இந்தக் கணக்குப் பிடித்திருந்தது. கண்டியிலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் இரண்டு பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூடக் காட்டும். அங்கே வெப்பம் எட்டொன்பது பாகை குறைவதால் ஒன்றரை அளவுக்கு இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடுகின்றன. அப்படியே போய்வரலாம்.

2022இல் எரிபொருளுக்கு வரிசையில் கிடந்து, பிறகு கியூ.ஆர். கோட்டா வந்த நாட்களில், மிச்சம் பிடிக்கிறோம் என்று 40க்கு மேல் அடிக்கச் சொன்னவர்கள் உண்டு. அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்குப்படி நான்கு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் நட்டம் 0.2 வீதம். ஐந்து குறைந்தால் ஒரு வீதம். 20 லீட்டரில் 200 மில்லிலீட்டர். இழப்புத்தான், ஆனால் 40க்கு ஏற்றுவதற்கான நியாயம் அதில் இல்லை. அப்படி ஏற்றியவர்களின் டயர் நடுவில் தேய்ந்து வந்ததை நானா காட்டினார். காற்று குறைவாக ஓடியது இரண்டு விளிம்பிலும் தேயும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் இருந்ததையே ஓட்டினார்கள். அப்படி ஓடிய டயரொன்றின் பக்கச்சுவரில் இருந்த நாலிலக்கத்தைத் தேய்த்து 1415 என்று நானா காட்டினார்: 2015ஆம் ஆண்டு 14ஆம் வாரம். பூ இன்னும் இருக்கிறது, ரப்பரில் வெடிப்பு.

நைட்ரஜனைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை ஒரு வருடம் வைத்துப் பார்த்ததில் நைட்ரஜன் டயர் 2.2 பி.எஸ்.ஐ. இழந்தது, சாதாரணக் காற்று 3.5. மாதம் ஒருதரம் அளக்கிறவருக்கு அது தேவையில்லை.

நான் கிளம்புகிற நேரம் யாழ்ப்பாணம் போகிற குடும்பமொன்று வந்தது. நான்கு டயரும் பார்த்தாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று. நானா டிக்கியைத் திறக்கச் சொன்னார். சூட்கேஸ், பாய், அரிசிப் பை எல்லாவற்றையும் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார்கள். அடியில் மெலிந்த ஸ்பெயார் சக்கரம். அதன் மேல் எழுதியிருந்தது 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பி.எஸ்.ஐ.; கேஜ் காட்டியது 18. "இத வெச்சிக்கிட்டா வவுனியா காட்டுக்குள்ள போற?" என்று நானா கேட்க, கணவர் மனைவியைப் பார்த்தார், மனைவி அரிசிப் பையைப் பார்த்தார். பையன் அதற்குள் குழாயை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.