ஒன்றும் நடக்காத அரைமணி

2006இல் விஜய் தொலைக்காட்சியில் ‘கனா காணும் காலங்கள்’ தொடங்கியபோது என் மகள் பத்தாம் வகுப்பு. படிக்க வேண்டிய நேரத்தில் அதன் முன் உட்கார்ந்திருப்பாள். ஃபேர்லேண்ட்ஸ் வீட்டின் முன்னறையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு நானும் பார்த்தேன் என்பதை அன்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கதை. பையன் ஏதோ சொல்ல வருவான், பெண் நிமிர்ந்து பார்ப்பாள், மணி அடித்துவிடும். அவன் சொல்ல வந்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மறுநாளும் சொல்லமாட்டான். நடிப்பில் பழக்கமின்மை தெரியும். பின்னணி இசை ஒவ்வொரு பார்வைக்கும் அடிக்கோடு போடும். விமர்சகனாக நின்று நிராகரிக்க அரை நிமிஷம் போதும். நானும் நிராகரித்தேன். “இழுக்கறான்” என்று சொல்லி ஒருநாள் எழுந்துபோய் டி.வி.யை அணைத்தேன்.

இழுத்தது வியாபாரம்தான், சந்தேகமில்லை. தினம் அரைமணி, நடுவே விளம்பரம்; கொஞ்சம் கதையை நிறைய நாளைக்கு வைத்துக்கொண்டாக வேண்டும். ஆனால் வியாபாரத்துக்காக வந்த இந்த மந்தகதி, தன்னையறியாமல், பதினாறு வயதின் காலத்தோடு ஒன்றிப்போயிற்று. அந்த வயதில் ஒரு நாளைக்கு ஒரு பார்வை கிடைக்கும். மீதிப் பொழுதையெல்லாம் அதை வைத்தே கழிக்க வேண்டும். தொடர் பார்க்கிறவனையும் அப்படித்தான் நடத்தியது. சினிமாவுக்கு இது வாய்க்காது. பாலுமகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’ (1979) பையன்களின் நாட்களை அவசரமில்லாமல் காட்டிய நல்ல படம். அதுவும் கடைசியில் ஒருவனை நீரில் மூழ்கடிக்க வேண்டியிருந்தது. குறித்த நேரத்துக்குள் அனுபவத்துக்கு ஒரு முடிவு தந்தாக வேண்டிய நிர்ப்பந்தம். தொடருக்கு அது இல்லை. ஒன்றும் நடக்காமலிருப்பதை அதனால் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்க முடிந்தது.

2007இல் மகளை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்தேன். அப்போது இந்தச் சமவெளி மார்க் விளையும் பூமி என்று பெயர் வாங்கியிருந்தது. விடியுமுன் எழுப்பி இரவு வரை படிப்பு. பையன்களோடு பேசக்கூடாது, மாடிப்படிகூடத் தனித்தனி. இத்தகைய பள்ளிகள் பலவற்றில் அப்போது பிளஸ் ஒன் பாடத்தை நடத்தியதில்லை. இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடம்தான். பிளஸ் ஒன்னுக்கும் 2018இல் பொதுத்தேர்வு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, தொடரில் அவ்வளவு மெதுவாக நகர்ந்த அந்த வருஷம் என் மகளுக்குக் கிடையாது. அதைப் பணம் கட்டி நீக்கியவன் நான்.

காலாண்டு விடுமுறைக்கு வந்தவள் பையைக்கூட இறக்காமல் டி.வி.யைப் போட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இன்னும் அங்கயேதான் இருக்காங்கப்பா” என்றாள். குரலில் அலுப்பில்லை. இத்தனை நாள் தனக்காக யாரோ காத்திருந்ததுபோல ஒரு ஆறுதல். அன்று நான் அணைக்கவில்லை.

தொடரின் பொய் அதன் வேகத்தில் இல்லை. அந்த வகுப்பறையில் சாதி பற்றிய பேச்சு ஒருநாளும் என் காதில் விழுந்ததில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பையனும் பெண்ணும் நின்று பேசினால் முதலில் விசாரிப்பது அதைத்தான். 2015 ஜூனில் ஓமலூர் கோகுல்ராஜ், கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போனார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. அவர் தலித், பெண் வேறு சாதி. பேசிக்கொண்டிருந்தது தவிர வேறு குற்றமில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அடுத்த மாதம் அதே தொடர் புது முகங்களோடு ஹாட்ஸ்டாரில் வந்தது. இரண்டு செய்தியையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன்.

விடுதியின் தனிப் படிக்கட்டும் கொலையும் ஒன்று என்று சொல்லவரவில்லை. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் பயத்தை எனக்குத் தெரியும்: இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்க நேரம் கிடைத்துவிடுமோ என்ற பயம். மார்க்குக்காகச் சேர்த்தேன் என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். அவள் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்துத்தான் சேர்த்தேன்.

மகள் வெளியூரில் வேலையில் இருக்கிறாள். புதியதைப் பார்த்தாளா என்று போனில் கேட்டேன். “ஒரே ராத்திரியில அஞ்சு எபிசோடு பார்த்துட்டேன்ப்பா. காத்திருக்கவே வேணாம். அதான் என்னமோ மாதிரி இருக்கு” என்றாள்.

அந்த வருஷம் உனக்கு யாரையாவது பிடித்திருந்ததா என்று கேட்க வாயெடுத்தேன்.

“சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.