சாம்பலைக் குடித்தவள்

மகளோடு ஐந்து நாள் போட்ருமில் தங்கியிருந்தேன். துருக்கியின் ஏஜியன் கடலோரத்தில் இருக்கும் ஊர். வெள்ளை வீடுகள், மதில்களில் காகிதப்பூ, துறை நிறைய மரப்படகுகள். அவள் அப்பா இறந்து 14 மாதம் ஆகியிருந்தது. கிளம்பும்போது நாத்தனார் கேட்டாள்: "வருஷத் திதி முடிஞ்ச கையோட ஊர் சுத்தணுமா அண்ணி?" பதில் சொல்லத் தெரியவில்லை.

முதல் நாள் மௌசோலஸின் கல்லறைக்குப் போனோம். பண்டைய ஏழு அதிசயங்களில் ஒன்று. இன்று அங்கே மிச்சமிருப்பது ஒரு பள்ளமும் உடைந்த தூண்களும்தான். கேரியாவை ஆண்ட மௌசோலஸ் கி.மு. 353இல் இறந்தான். அவனுடைய சகோதரியும் மனைவியுமான ஆர்ட்டெமிசியா அவனுக்காக எழுப்பியது இது. கணவனின் சாம்பலைப் பானத்தில் கலந்து குடித்தாள், துக்கத்திலேயே இரண்டு வருடத்தில் செத்துப்போனாள் என்றார் வழிகாட்டி. கூட வந்த பெண்கள் "அடடா, என்ன காதல்!" என்று உருகினார்கள். மகள் என்னைப் பார்த்தாள்.

நிழலில் உட்கார்ந்து அவள் போனில் தேடிப் படித்தாள். ஒரு பெண் தங்கள் பக்கத்து நாட்டை ஆள்வதா என்று ரோட்ஸ் தீவுக்காரர்கள் கப்பற்படையோடு வந்தார்களாம். ஆர்ட்டெமிசியா தன் கப்பல்களை மறைத்துவைத்து, அவர்கள் கப்பல்களைப் பிடித்து, அதிலேயே ஏறிப்போய் ரோட்ஸை வென்றாளாம். இதை எழுதியவர் ரோமானியரான விட்ருவியஸ். சாம்பல் கதையை எழுதியவர்களும் ரோமானியர்கள்தான். இரண்டில் எந்தக் கதை ஊர் ஊராகச் சொல்லப்படுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

எனக்கும் அந்த வருடம் வேலை அதிகம். வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, கேஸ் இணைப்புக்குப் பெயர் மாற்றம். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் போதுமான அளவு அழுதேனா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுதேன். அலுவலக வரிசையில் நின்றபோதும் அழுதிருக்கிறேன்.

மறுநாள் கோட்டைக்குப் போனோம். 15ஆம் நூற்றாண்டில் சிலுவைப்போர் வீரர்கள் கட்டத் தொடங்கியது. பிற்பாடு அந்தக் கல்லறையின் கற்களையும் பெயர்த்து இதன் சுவர்களில் வைத்திருக்கிறார்கள். உள்ளே அருங்காட்சியகம். 1989இல் இந்த ஊரில் கண்டெடுத்த ஒரு கல்லறையின் பெண்ணும் அவள் தங்கக் கிரீடமும் அங்கே இருக்கின்றன. அவள் ஆர்ட்டெமிசியாவின் தங்கை அடாவாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். அடாவும் கணவன் இறந்தபின் ஆண்டவள். தம்பி பிக்ஸோடாரஸ் அவளைத் துரத்திவிட்டு ஆட்சியைப் பிடித்துக்கொண்டான். கி.மு. 334இல் அலெக்சாண்டர் வந்தபோதுதான் அது அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. புருஷன் செத்ததும் கூடப்பிறந்தவனே பறித்துக்கொண்ட கதை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வழிகாட்டி தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் படகில் கராஅடா தீவு. பாறையிடுக்கில் வெந்நீர் ஊற்று. எல்லாரும் சேற்றை அள்ளிப் பூசிக்கொண்டார்கள். "அம்மா, வா!" என்று மகள் கூப்பிட்டாள். சுடிதாரோடு இறங்கினேன். இளஞ்சூட்டில் கழுத்துவரை நின்றேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு உடம்பு என்னுடையதாக இருந்தது.

இரவு அவள் படத்தைக் காட்டினாள். முகமெல்லாம் சேறு, வாயெல்லாம் சிரிப்பு. "குடும்ப குரூப்ல போடட்டுமா?"

"வேண்டாம்" என்றேன்.

படகையும் கோட்டையையும் மட்டும் போட்டாள். நாத்தனார் கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பினாள். அந்த "வேண்டாம்" இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்: நான் சிரித்தேன்.